நிறை குறைந்த பிறகு உடலிலும் உறவிலும் வரும் எதிர்பாராத மாற்றங்கள்: ஒரு விளக்கம்

நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், முழங்கால் வலி என எந்தக் காரணத்துக்காகக் கிளினிக்குக்குப் போனாலும் இன்று பலருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை ‘நிறையைக் குறையுங்கள்’ என்பதுதான். நிறை குறைக்கும் ஊசிகளைப் பற்றிய செய்திகளும் சில வருடங்களாக விடாமல் வந்துகொண்டிருக்கின்றன. திருகோணமலையில் டச் பே கடற்கரையிலும் கோணேஸ்வரம் ஏறும் பாதையிலும் விடியற்காலையில் வேகநடை போடுகிறவர்களைக் கேட்டால், எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள், எத்தனை கிலோ குறைந்தது என்று விரிவாகச் சொல்வார்கள். குறைந்த பிறகு என்ன நடக்கும் என்பதுதான் பேசப்படாமல் போகிறது.

அதனால் பத்துக் கிலோ குறைத்தவர் மூன்றாம் மாதத்தில் தலைமுடி கொத்தாகக் கழன்று வருவதைக் கண்டு கலங்குகிறார். கோயிலிலோ பள்ளிவாசலிலோ கலியாண வீட்டிலோ எதிர்ப்படுகிறவர்கள் ‘ஏதும் வருத்தமோ’ என்று கேட்கும்போது, நல்லது செய்துகொண்டிருந்த தனக்கு உண்மையிலேயே ஏதோ வந்துவிட்டது என்று நம்பத் தொடங்குகிறார். இந்தப் பயத்திலேயே பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியவர்கள் உண்டு. மாறாக, உண்மையில் வைத்தியரிடம் ஓட வேண்டிய அறிகுறியை ‘மெலிந்தால் இப்படித்தான்’ என்று விட்டவர்களும் உண்டு. எது கடந்துபோகும், எது ஆபத்து, எது நம் உடலைச் சேராமல் பிறர் மனத்தைச் சேர்ந்தது என்பதைப் பிரித்தறிய அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

## குறைவது எது?

தராசு காட்டும் நிறையில் கொழுப்பு, தசை, எலும்பு, நீர் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. சாப்பாட்டைக் குறைத்த முதல் ஒன்றிரண்டு வாரத்தில் வேகமாக இறங்குவதில் பெரும்பங்கு நீர். ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் மாச்சத்து தன்னோடு நீரையும் பிடித்து வைத்திருக்கிறது; அந்தச் சேமிப்புச் செலவாகும்போது நீரும் வெளியேறிவிடுகிறது. முதல் வாரம் மூன்று கிலோ குறைந்து, நான்காம் வாரம் அரைக் கிலோகூடக் குறையாமல் நிற்பதற்கு இதுவே காரணம். முயற்சி தோற்றதாக அதற்குப் பொருளில்லை.

கொழுப்பு குறைவதென்பது அது எரிந்து வெளியேறுவது. வியர்வையோடு உருகிப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 2014இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான கணக்கின்படி, பத்துக் கிலோ கொழுப்பு முழுமையாக எரிந்தால் 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக மூச்சின் வழியே வெளியேறும், மீதி 1.6 கிலோ நீராகும். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்து வெயிலில் தடித்த சட்டை போட்டு ஓடி வியர்ப்பதால் குறைவது நீர் மட்டுமே. ஒரு செம்பு தண்ணீர் குடித்ததும் அது திரும்பிவிடும்.

இழந்த நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தசை முதலான கொழுப்பில்லாத இழையமாக இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. பட்டினி கிடந்து குறைத்தால் இந்தப் பங்கு கூடும். கீழே வரும் பல சிக்கல்களுக்கு வேர் இந்தத் தசை இழப்பும், நிறை மிக வேகமாகக் குறைவதும்தான். வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை என்பதே பொதுவாகப் பாதுகாப்பான வேகமாகக் கொள்ளப்படுகிறது.

யாருக்குக் குறைக்க வேண்டியுள்ளது என்பதற்கு உடற்திணிவுச் சுட்டி ஒரு தொடக்க அளவுகோல்: கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். உலகப் பொதுக் கணக்கில் 25க்கு மேல் அதிக நிறை. ஆனால் ஆசியரின் உடலில் குறைந்த சுட்டியிலேயே நீரிழிவும் இருதய நோயும் தலைகாட்டுவதால், உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004இல் 23ஐயும் 27.5ஐயும் நம்மவர்க்கான எச்சரிக்கைப் புள்ளிகளாகக் குறித்தது. ‘நான் ஒன்றும் அவ்வளவு பருமன் இல்லையே’ என்று சொல்லும் ஒருவரிடம் வைத்தியர் நிறையைக் குறைக்கச் சொல்வதன் காரணம் இதில் இருக்கிறது.

## உடல் மெலிவைப் பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது

மனிதர் விரும்பிச் சாப்பாட்டைக் குறைப்பது வரலாற்றில் மிக அண்மையில் வந்த பழக்கம். அதற்கு முந்தைய காலமெல்லாம் மெலிவு என்றால் விளைச்சல் பொய்த்தது, கடலில் மீன் படவில்லை, நோய் வந்தது என்பதுதான். உடலின் ஒழுங்கமைப்பு அந்தக் காலத்துக்குரியது. விரும்பிய மெலிவையும் வேறு வழியில்லாத மெலிவையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது.

கொழுப்புக் கலங்கள் லெப்டின் என்ற ஓமோனைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்கு அறிவிக்கின்றன. 1994இல் இது கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் கொழுப்பு வெறும் சேமிப்புப் பொருள் என்ற எண்ணம் மாறியது. நிறை குறையும்போது லெப்டின் குறைகிறது. இரைப்பை சுரக்கும் பசி ஓமோனான கிரெலின் கூடுகிறது. தைரொயிட் சுரப்பியின் செயலூக்கமுள்ள ஓமோனும் சற்றே இறங்குகிறது. இவை ஒன்றுசேர்ந்து, பசியைக் கூட்டு, செலவைக் குறை என்று இரண்டு கட்டளைகளைப் பிறப்பிக்கின்றன.

இதன் முழு உருவத்தையும் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் 1944–45இல் நடத்திய ஆய்வு காட்டியது. போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினியில் இருந்து, உடல் நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். அவர்களுக்கு எப்போதும் குளிர்ந்தது, முடி உதிர்ந்தது, நாடித்துடிப்பு இறங்கியது, பேச்சில் எரிச்சல் கூடியது, சமையற் புத்தகங்களை ஆசையோடு வாசித்தார்கள். சில மாதங்களுக்கு முன்வரை அவர்கள் உடலாலும் மனத்தாலும் நலமாக இருந்தவர்கள். கடுமையாகச் சாப்பாட்டைக் குறைத்த ஒருவர் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறார் என்றால், அதைக் குணக்கேடாகப் பார்ப்பதற்கு முன் இந்த ஆய்வை நினைத்துக்கொள்வது நியாயம்.

இந்தத் தற்காப்பு விரைவில் ஓய்வதில்லை. 2011இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், நிறை குறைத்து ஒரு வருடம் கழிந்த பிறகும் பசி ஓமோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் மிக வேகமாக நிறை குறைத்த 14 பேரை ஆறு வருடங்களின் பின் பரிசோதித்தபோது, ஓய்வில் இருக்கும் அவர்களது உடல் எதிர்பார்க்கப்படுவதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்தது என்று 2016இல் அறிவிக்கப்பட்டது. அது மிகக் கடுமையான முறையில் குறைத்தவர்களின் கணக்கு. எல்லோருக்கும் இந்த அளவு இராது. ஆனால் திசை எல்லோருக்கும் ஒன்றுதான்.

## உடலில் தோன்றும் மாற்றங்கள்

1. முடி உதிர்வு. தலையிலுள்ள முடிகளில் பெரும்பான்மை எந்த நேரமும் வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கும். கடும் காய்ச்சல், பிரசவம், சத்திரசிகிச்சை, வேகமான நிறை இழப்பு ஆகியவை வந்தால், அவற்றில் ஒரு பெரிய பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக் கட்டத்துக்குப் போய்விடுகிறது. ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது; இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே விழும். அதனால்தான் சாப்பாடு சீராகி, உடம்பும் தேறிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் குளியலறைத் தரையில் முடி சுருண்டு கிடக்கிறது. காரணமும் விளைவும் இவ்வளவு தள்ளி நிற்பதால் பழி பெரும்பாலும் சவர்க்காரத்திலோ கிணற்று நீரிலோ விழுகிறது. வேர் அழிவதில்லை, பெரும்பாலானோருக்கு ஆறு மாதங்களுக்குள் உதிர்வு நின்று, புதுமுடி முளைக்கும். ஆறு மாதமாகியும் நிற்காவிட்டால் இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் பரிசோதிப்பது நல்லது.

2. குளிர். தோலின் கீழுள்ள கொழுப்புப் படை மெலிகிறது. உடல் உண்டாக்கும் வெப்பமும் குறைகிறது. வாடைக்காற்று வீசும் மார்கழியில், இதுவரை போர்வையே தேடாதவர் இரவில் சாரத்தால் தலைவரை மூடிக்கொள்வார். கொழும்புக்குப் போகும் குளிரூட்டிய பஸ்ஸில் அவருக்கு மட்டும் விறைக்கும்.

3. தோல் தளர்வு. மேற்கை, வயிறு, தொடை, கழுத்து ஆகிய இடங்களில் தோல் தொங்கலாம். வயது, பருமனாக இருந்த காலம், இழந்த நிறையின் அளவு, புகைப்பழக்கம், வெயில் ஆகியவை தோலின் மீள்தன்மையைத் தீர்மானிக்கின்றன. பூசும் தைலங்களால் இதில் பெரிய மாற்றம் வராது. தசையை வளர்ப்பது ஓரளவுக்கு நிரப்பும். முகக் கொழுப்பும் குறைவதால் கன்னம் ஒட்டி, வயது கூடியதுபோல் தோன்றும். ஊரார் முதலில் பார்ப்பது முகத்தைத்தான் என்பதால் இந்த மாற்றத்தின் சமூக விலை அதிகம்.

4. இருக்கையும் நரம்பும். பிட்டத்தின் மெத்தை குறைந்ததும் வாங்கிலோ சீமெந்துத் தரையிலோ அரைமணி நேரம் இருந்தாலே வாலெலும்பு நோகும். இதைவிடக் கவனிக்க வேண்டியது, முழங்காலின் வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு. அதைக் காத்துவந்த கொழுப்புப் போனபின், காலுக்கு மேல் கால் போட்டோ சப்பாணி கட்டியோ நெடுநேரம் இருந்தால் நரம்பு நசுங்கி, பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாமல் போகலாம். பூசை முடிந்து எழும்பியவர் செருப்பு நிலத்தில் இழுபட நடந்து, சற்று நேரத்தில் சரியாகாவிட்டால், பக்கவாதம் என்று வீட்டார் பதறுவது இயல்பு. அது நரம்பு நசுங்கியதாகவும் இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். வீட்டில் இருந்து தீர்மானிக்க முடியாது, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

5. காது. தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாயைச் சுற்றியிருந்த கொழுப்புக் குறைந்தால் அது மூடாமல் திறந்தே இருந்து, தன் மூச்சும் பேச்சும் தன் காதிலேயே முழங்குவதுபோல் கேட்கும். அரிதானது, ஆனால் வந்தவருக்கு மிகுந்த குழப்பத்தைத் தருவது.

6. பித்தப்பைக் கல். இந்தப் பட்டியலில் மிகுந்த கவனம் வேண்டியது இதுவே. கொழுப்பு வேகமாகக் கரையும்போது ஈரல் கூடுதலான கொலஸ்ட்ரோலைப் பித்தநீரில் கலக்கிறது. அதே நேரம், உணவில் கொழுப்பே இல்லாவிட்டாலோ நெடுநேரம் சாப்பிடாமல் இருந்தாலோ பித்தப்பை சுருங்கி வெறுமையாவதில்லை; தேங்கிய பித்தம் கெட்டியாகிக் கல்லாகிறது. வாரத்துக்கு 1.5 கிலோவுக்கு மேல் குறைப்பவர்களுக்கு இந்த ஆபத்துக் கூடுகிறது. நாட்கணக்கில் வெறும் பழச்சாற்றில் இருந்துவிட்டு, ஒரு விருந்தில் கொத்துரொட்டியோ புரியாணியோ சாப்பிட்ட அன்றிரவு வலது விலாவின் கீழே தொடங்கி முதுகுக்கோ வலது தோளுக்கோ ஏறும் வலி வந்தால், வாயுக்கோளாறு என்று இஞ்சித் தேத்தண்ணியோடு விட்டுவிடக் கூடாது. காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ சேர்ந்தால் அது அவசர நிலை. சொதியில் உள்ள தேங்காய்ப்பாலையும் கறியில் ஊற்றும் எண்ணெயையும் முற்றாக ஒதுக்குவது பலர் நினைப்பதுபோல் நன்மை செய்வதில்லை. சிறிதளவு கொழுப்பு பித்தப்பையை இயங்க வைக்கிறது.

7. மூட்டு. வேகமாகக் குறைக்கும் காலத்தில் குருதியில் யூரிக் அமிலம் கூடி, கால் பெருவிரல் வீங்கிச் சிவக்கலாம். நீண்ட காலத்தில் நடப்பது நேர்மாறானது: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. கோணேஸ்வரத்துக்கு ஏறும்போது முழங்கால் நொந்து இரண்டு இடத்தில் நின்றவர் நில்லாமல் ஏறுவது இதனால்தான்.

8. மாதவிடாயும் கருத்தரிப்பும். சூலகத்தில் நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு நிறையில் ஐந்து முதல் பத்துச் சதவீதம் குறைந்தாலே சூல் வெளிப்படுவது சீராகலாம். குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது பெரும் நற்செய்தி. ‘எனக்கு இனித் தங்காது’ என்று எண்ணிக் கருத்தடை பாவிக்காதவர்களுக்கோ இது எதிர்பாராத கர்ப்பமாக வந்து சேரும். மறுபுறம், அளவுக்கு மீறி மெலிந்தால் மாதவிடாய் நின்றுவிடும், எலும்பும் பலமிழக்கும். மூன்று மாதம் வராவிட்டால் காத்திருக்கக் கூடாது.

மோதிரம் கழன்று விழுவது, கட்டுப்பல் ஆடுவது, செருப்புத் தளர்வது போன்றவை சிறிய விடயங்கள். தாலிக்கொடியும் காப்பும் அப்படியே இருக்க, மோதிரம் மட்டும் கிணற்றடியில் தொலைந்த கதை பல வீடுகளில் உண்டு. நூல் சுற்றிச் சமாளிப்பதைவிட நகைக்கடையில் கொடுத்துச் சிறிதாக்குவது மேல்.

## மருந்தின் அளவு பழைய உடலுக்குரியது

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை தொல்லை தருபவை. இது உயிரோடு சம்பந்தப்பட்டது. 90 கிலோ நிறைக்காரருக்கு எழுதப்பட்ட மருந்தை, 78 கிலோவாகிவிட்ட பிறகும் அதே அளவில் குடித்துக்கொண்டிருந்தால் மருந்து மிஞ்சுகிறது.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களும், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் போன்ற மாத்திரைகளைக் குடிப்பவர்களும் நிறை குறையும்போது குருதியில் சீனி மிகவும் தாழ்ந்துபோகும் ஆபத்தில் இருக்கிறார்கள். மெட்போமின் மட்டும் குடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. திடீர் வியர்வை, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அறிகுறிகள். வெயிலில் நடந்து வந்ததால் வந்த களைப்பு என்று இதை எண்ணிவிடுவது இங்கே மிக எளிது. மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும்; மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கந்தசஷ்டி விரதகாரரும் நோன்பு பிடிப்பவரும் நிறையையும் குறைத்துக்கொண்டிருந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். விரதம் தொடங்கும் முன்பே வைத்தியரிடம் மருந்து நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

குருதி அழுத்த மருந்தும் அப்படியே. படுக்கையிலிருந்து எழும்பும்போது கண் இருண்டு தலை சுற்றினால், முதியவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் நிலை வரலாம்.

பிரித்தானியாவில் நடந்து 2017இல் முதல் முடிவுகள் வெளியான டிரெக்ட் என்ற ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களுக்கு நிறை குறைப்புத் தொடங்கும் நாளிலேயே நீரிழிவு மாத்திரைகளும் குருதி அழுத்த மாத்திரைகளும் நிறுத்தப்பட்டு, வைத்தியக் கண்காணிப்பு வைக்கப்பட்டது. ஒரு வருட முடிவில் அவர்களில் 46 சதவீதத்தினர் மருந்தின்றியே நீரிழிவு அற்ற நிலையில் இருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். நம்மிடம் அடிக்கடி நடப்பது வேறு: நிறை குறைந்ததைப் பற்றி வாயே திறக்காமல் பழைய கொப்பியைக் கொடுத்துப் பழைய மருந்தையே வாங்கி வருகிறோம், அல்லது யாரிடமும் கேளாமல் தாமே நிறுத்திவிடுகிறோம். நெரிசலான கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ‘போன முறை வந்ததிலிருந்து ஆறு கிலோ குறைந்திருக்கிறேன்’ என்ற ஒரு வசனத்தை நோயாளியே முதலில் சொல்லிவிட வேண்டும்.

## ஊர் மெலிவை எப்படி வாசிக்கிறது

உடலைப்போலவே ஊரும் மெலிவைக் குறைவின் அடையாளமாக வாசிக்கிறது என்பதே இக்கட்டுரையின் முக்கியமான கருத்து. அதற்குத் தக்க காரணம் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னான முகாம்கள், 2006இல் மூதூர், சம்பூர் மக்களின் இடம்பெயர்வு, கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்ட 2022 செப்ரெம்பர் என, இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் ஒருவர் மெலிந்திருந்தால் அவருக்குச் சாப்பாடு இல்லை என்றே பொருள்பட்ட காலங்கள் இன்னும் எல்லோர் நினைவிலும் இருக்கின்றன. ‘நல்லா உடம்பு வச்சிருக்கிறாய்’ என்பது இங்கே வாழ்த்து. மெலிந்தவரைப் பார்த்தவுடன் வருவது கவலை.

உப்புவெளியில் ஒரு வீட்டுக்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் மருமகளை மாமி வாசலிலேயே நிறுத்துகிறார்: “என்ன பிள்ளை, இப்பிடி வாடிப்போனாய்? ஏதும் வருத்தமோ? டொக்டரிட்டக் காட்டினியா?” வேண்டுமென்றே குறைத்ததாகச் சொன்னதும், “உனக்கென்ன குறைச்சல், குறைக்கிறதுக்கு?” என்கிறார். பிறகு தட்டில் மூன்றாவது புட்டுத் துண்டும் மீன்குழம்பும் வந்து விழுகின்றன. வேண்டாம் என்று கையால் தட்டை மூடினால் மாமியின் முகம் சுருங்குகிறது. மறுக்கப்பட்டது புட்டு, மாமி உணர்ந்தது தன் அன்பு மறுக்கப்பட்டதாக. இந்த இடத்தில் கலோரிக் கணக்குப் பேசுவதால் பயனில்லை. ‘பின்னேரம் வந்து சாப்பிடுகிறேன், இப்ப ஒரு பிளேன்ரீ தாங்கோ’ என்று உறவை ஏற்று அளவை மட்டும் மறுப்பது நடைமுறையில் பலன் தருகிறது.

மெலிந்தவர் எதிர்கொள்ளும் வேறு சில மாற்றங்கள்:

1. வதந்தி. நீரிழிவு, புற்றுநோய், வீட்டுப் பிரச்சினை, கடன் என்று காரணங்கள் கற்பிக்கப்படும். கலியாணப் பேச்சு நடக்கும் பிள்ளை என்றால் பெற்றோர் இதைக் கேட்டு நொந்துபோவார்கள். நாவூறு பட்டுவிட்டது என்று கழிப்புக் கழிப்பதும் நடக்கும். அதனால் கேடில்லை, அதோடு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பச் சொல்லி வற்புறுத்தாத வரையில்.

2. திடீர் மரியாதை. முன்பு கண்டும் காணாமல் போனவர்கள் நின்று பேசுவார்கள்; கடையில் முதலில் கவனிப்பார்கள்; அலுவலகக் கூட்டத்தில் சொல்வதைக் கேட்பார்கள். இது மகிழ்ச்சி தரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் பலருக்கு உள்ளே கோபம் வருகிறது: நான் அன்றும் இதே ஆள்தானே, அன்று ஏன் என்னை ஒருவரும் பார்க்கவில்லை? இந்தக் கோபம் நியாயமானது. பருமனானவர்களைச் சோம்பேறிகள், கட்டுப்பாடற்றவர்கள் என்று மதிப்பிடும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை, அதிலிருந்து விடுபட்டவரே தெளிவாகக் காண்கிறார்.

3. நண்பர் வட்டம். பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் ரோல்ஸும் வடையுமாகக் கூடியிருந்த கூட்டத்தில் ஒருவர் மட்டும் வெறும் தேநீர் குடித்தால், மற்றவர்களுக்கு அது தங்கள் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டாகப் படும். கேலி கூடும்; அழைப்புக் குறையும்.

4. பெண்களின் நிலை. ஒரு ஆண் காலையில் நடக்கப் போனால் ‘உடம்பைப் பார்க்கிறார்’ என்பார்கள். பெண் போனால் சமையலை யார் பார்க்கிறார்கள், யாருக்காக மெலிகிறாள் என்ற கேள்விகள் எழும். கணவனை இழந்த பெண்ணோ கணவன் வெளிநாட்டில் உழைக்கும் பெண்ணோ என்றால் அந்தக் கேள்வி இன்னும் கொடியது. வீட்டில் எல்லோருக்கும் சமைப்பவளாக அவளே இருப்பதால், தனக்கென்று குரக்கன் புட்டோ கூடுதல் மரக்கறியோ செய்துகொள்வதுகூடத் தன்னலமாகப் பேசப்படுகிறது. ஆணுக்குப் பத்தியச் சாப்பாடு செய்துகொடுக்க ஒருவர் இருக்கிறார், அவளுக்கு இல்லை. நிறை குறைப்பைப் பற்றிய அறிவுரைகள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்பது பெரிய குறை.

கணவன் மனைவி உறவிலும் அசைவு வரும். நிறை குறைப்புச் சத்திரசிகிச்சை செய்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான சுவீடன் ஆய்வில், தனியாக இருந்தவர்களிடையே புதிய உறவும் திருமணமும், ஏற்கெனவே துணையோடு இருந்தவர்களிடையே பிரிவும் மணமுறிவும், சிகிச்சை செய்யாதவர்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டன. சுவீடனின் குடும்ப அமைப்பு வேறு. அந்த எண்களை இங்கே பொருத்த முடியாது. ஆனால் ஒருவர் மாறியதும் மற்றவருக்குத் தன் இடம் பற்றிய ஐயம் எழுவது எங்கும் பொதுவானது. அந்த ஐயம் இங்கே பெரும்பாலும் நேரடியாகச் சொல்லப்படாமல், ‘முந்தித்தான் நல்லா இருந்தாய்’ என்ற சொல்லாகவோ, வேண்டாம் என்றாலும் வாங்கிவரும் இனிப்புப் பெட்டியாகவோ வெளிப்படும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த முயற்சியும் செய்யாமலே ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் நிறையில் ஐந்து சதவீதத்துக்கு மேல், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு மூன்று கிலோவுக்கு மேல், குறைந்தால், ஊராரின் ‘ஏதும் வருத்தமோ’ என்ற கேள்வி முற்றிலும் சரியான கேள்வி. நீரிழிவு, தைரொயிட் மிகைச் சுரப்பு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு ஆகிய எதுவும் அப்படித் தொடங்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் சேர்ந்திருந்தால் சளிப் பரிசோதனையை அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசமாகவே செய்துகொள்ளலாம். ‘நல்லா மெலிஞ்சிட்டீங்கள்’ என்ற பாராட்டில் மகிழ்ந்து இதைத் தவறவிடக் கூடாது.

## மனம் பின்தங்கி வருகிறது

உடல் மாறிய வேகத்தில் மனத்திலுள்ள உருவம் மாறுவதில்லை. நிறை குறைந்து ஒரு வருடம் ஆன பிறகும் ஒருவர் முச்சக்கரவண்டியில் ஓரமாக ஒடுங்கி உட்காருவார். துணிக்கடையில் பெரிய அளவையே கையில் எடுப்பார். கண்ணாடியில் பழைய உருவத்தையே காண்பார். இது நாளடைவில் தணியும். தணியாமல், இன்னும் குறைக்க வேண்டும் என்ற அச்சமாக இறுகி, சாப்பிட்டதை வாந்தியெடுப்பது, சாப்பிடாமல் ஒளிப்பது என்று போனால் அது உணவுக் கோளாறு. குறிப்பாக இளம் பிள்ளைகளிடம் இதைப் பெற்றோர் கண்டுகொள்ள வேண்டும்.

பாராட்டுக்கும் ஒரு காலம் உண்டு. முதல் சில மாதங்கள் எல்லோரும் வியப்பார்கள். பிறகு புதிய உருவம் எல்லோருக்கும் பழகிவிடும். உள்ளே பசியும் களைப்பும் அப்படியே இருக்க, வெளியே வந்த ஊக்கம் நின்றுபோகும் இந்தக் கட்டத்தில்தான் பலர் தளர்கிறார்கள்.

## நிறை திரும்பி வருவதும் ஊசிகளும்

செமாக்ளூடைட், டிர்செபடைட் ஆகிய ஊசிமருந்துகள் முதலில் சொன்ன பசிக் கட்டளையைத் தணிப்பதன் மூலம் வேலை செய்கின்றன. 2021இல் வெளியான பெரிய ஆய்வில் செமாக்ளூடைட் போட்டவர்களின் நிறை 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. ஊசியை நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. சிலர் இதை மருந்தின் தோல்வியாகவும் சிலர் மனிதரின் தோல்வியாகவும் பேசுகிறார்கள். இரண்டும் பிழை. குருதி அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப்போல, பசியைக் கட்டிவைத்திருந்த மருந்து போனதும் உடலின் பழைய தற்காப்பு மீண்டும் எழுகிறது. முடி உதிர்வு, பித்தக்கல், தசை இழப்பு எல்லாம் ஊசியால் குறைத்தவர்களுக்கும் வரும். வேகம் கூடினால் கூடுதலாக வரும். வைத்தியரின் எழுத்தில்லாமல், எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஊசியை இணையத்தில் வாங்கிப் போடுவது இதில் மிகப் பெரிய ஆபத்து.

தசையைக் காப்பாற்றியவர்களுக்கு எல்லாக் கட்டமும் சற்று இலகுவாகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பாரம் தூக்கும் பயிற்சியோ, கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி இருக்கும் பயிற்சியோ செய்ய வேண்டும். நடை மட்டும் போதாது. ஒவ்வொரு வேளையும் புரதம் வேண்டும். நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. சோற்றின் அளவைக் குறைத்தவர் மீனையும் பருப்பையும் சேர்த்துக் குறைத்துவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் தவறு. நிறையை வாரத்துக்கு ஒருமுறை, ஒரே தராசில், ஒரே நேரத்தில் பார்த்துக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தால், இரண்டு மூன்று கிலோ ஏறும்போதே தெரிந்துவிடும்; மருந்து அளவைத் தீர்மானிக்கும் வைத்தியருக்கும் அந்தப் பக்கம் உதவும்.